மணவினையும் மன்றங்களும்: சில தீர்ப்புரைகள் குறித்த திறனாய்வு

திருமணம் எது என்பதை வரையறுக்கும் உரிமை வழக்காற்றுக்கா, சட்டமன்றத்திற்கா, நீதிமன்றத்திற்கா, வாக்களிக்கும் மக்களுக்கா என்னும் வினா, தன்பாலீர்ப்பினரின் மணவுரிமை பற்றிய விவாதங்களில் மீண்டும் மீண்டும் எழுகின்றது. தமிழ்ச் சூழலில் இதற்கு விடை கூறுவோர் சுயமரியாதைத் திருமணத்தை முன்னுதாரணமாகக் காட்டுவதுண்டு. அன்று நீதிமன்றம் மறுத்ததைச் சட்டமன்றம் வழங்கிற்று; ஆகவே இன்றும் நீதிமன்றம் ஒதுங்கி நிற்க, மக்களின் பிரதிநிதிகள் முடிவு செய்யட்டும் என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இவ்வாதம் அவ்வரலாற்றின் ஒரு பகுதியை மட்டுமே கணக்கிற் கொள்கின்றது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகின்றது.

1920-களின் இறுதி தொடங்கிப் புரோகிதரும் வடமொழிச் சடங்கும் இன்றி நிகழ்ந்த மணங்கள் தமிழகத்தில் பெருகின. பெரியார் 1929-30இல் மலாயாவுக்கு மேற்கொண்ட பயணத்திற்குப் பின் இம்மண்ணின் தமிழரும் இம்முறையை அறிந்திருந்தனர். ஆயின் 1950-களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மணம் ஒன்றைச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சாத்திரம் கூறும் சடங்கு அதில் இல்லை. நெடுநாள் வழக்காறு எனவும் அதனைக் கொள்ளவியலாது என்பது காரணம். 1967-இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் அறிவித்தாலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ மணம் செல்லும் என்பது அதன் சாரம். முன்னர் நடந்த மணங்களுக்கும் அது பொருந்துமாறு அமைந்தது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்வாண்டுத் தேர்தலில் வென்று ஆட்சி அமைத்த கட்சி, அம்மணமுறையைப் பரப்பிய இயக்கத்தின் வழிவந்தது. கேட்டவரே கொடுக்கும் இடத்திற்கு வந்துவிட்டனர். எண்ணிக்கை வலிமை இல்லாத ஒரு கூட்டம் இதே கோரிக்கையுடன் கோட்டைக்குச் சென்றிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்று முன்னுதாரணம் காட்டுவோர் வினவுவதில்லை.

2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பு நம் ஆய்வுக்கு உரியது. தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஆண் ஒருவருக்கும் திருநங்கை ஒருவருக்கும் நடந்த மணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தனர். நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்னும் சொல் மாறாத பொருளுடையதன்று. அது திருநங்கையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பளித்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்களுக்கு எவ்வினைமுடிபு வருமென்று கிளவியாக்கத்திலேயே பேசுகின்றது. இலக்கணம் இடமளித்தோருக்குப் பதிவேடு இடமளிக்கத் தயங்கியது தமிழாசிரியர்களுக்கு வியப்பளிக்கக்கூடும்.

தீர்ப்பு வரவேற்கத்தக்கதே. எனினும் பனுவல் என்ற நிலையில் அதன் வாசிப்பு பாதி வழியில் நின்றுவிடுகின்றது. இந்துத் திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மணம் ‘எந்த இரு இந்துக்களுக்கு’ இடையிலும் நிகழலாம் என்றே தொடங்குகின்றது. மணமகன், மணமகள் என்னும் சொற்கள் குறைந்த அளவு வயதைக் கூறுமிடத்தில்தான் வருகின்றன. நீதிபதி பின்னதை விரித்தார், முன்னதைத் தொடவில்லை. அவர்முன் இருந்த வழக்கிற்கு அது தேவைப்படவில்லை என்பது உண்மை. ஆயின் இணையில் ஒருவர் மணமகளாகத் தம்மை நிறுவிக்கொண்டால் மட்டுமே வாயில் திறக்கும் என்னும் நிலை அத்தீர்ப்பால் உறுதிப்பட்டது. இரு பெண்கள் வந்து நின்றால் அதனிடம் விடையில்லை.

அவ்விரு பெண்கள் 2021-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தனர். கோரியது மணமன்று, காவல்துறையின் தொல்லையிலிருந்து பாதுகாப்பு. தமக்கு இப்பொருளில் தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் பாடம் கேட்டபின் தீர்ப்பெழுதிய நீதிபதி என்பதால் அவர் பெயர் நிலைக்கும். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இழிசொற்களுக்கு மாற்றான தமிழ்க் கலைச்சொற்பட்டியல் 2022-இல் தமிழக அரசிதழில் வெளிவந்தது. சொல்லாக்கத்தில் ஈடுபடும் நம் துறையினர் அதனை இன்னும் முறையாக ஆராயாதது ஒரு குறையே.

இந்திய உச்சநீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு பலரும் அறிந்தது. மணம்புரிவது அடிப்படை உரிமையன்று. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுதவியலாது என்பதில் ஐந்து நீதிபதிகளும் உடன்பட்டனர். இணைவாழ்வுக்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்றதில் சந்திரசூட், கவுல் இருவரும் சிறுபான்மையாயினர். பெரும்பான்மையினர், இவ்விணையர் நலன்கள் பலவற்றை இழப்பதைக் கண்டுணர்ந்தும், அதனை அரசின் குழு ஆராயட்டும் என விட்டனர். நாம் குறைகூறுவது இவ்விடத்தையே. சட்டத்தைத் திருத்துவது தம் பணியன்று என நீதிமன்றம் கருதுவதில் நியாயமுண்டு. பாகுபாடு உண்டெனக் கண்டபின் அதற்குப் பரிகாரம் கூறாது விடுதல் வேறு. சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே மாதத்தில், மணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்று கூறி, ‘தேர்ந்துகொண்ட குடும்பம்’ என்னும் கருத்தை ஏற்றமை இவ்விடைவெளியில் எழுந்ததேயாகும்.

நேரடி வாக்கெடுப்பு பற்றி உலக அனுபவம் ஒருமுகமாக இல்லை. அயர்லாந்து மக்கள் 2015-இல் 62 விழுக்காட்டு வாக்குகளுடன் ஒருபால் மணத்தை ஏற்றனர். கலிபோர்னியாவில் 2008 மே மாதம் மாநில உச்சநீதிமன்றம் வழங்கிய உரிமையை அவ்வாண்டு நவம்பரிலேயே 52 விழுக்காட்டினர் வாக்களித்துப் பறித்தனர். கூட்டரசு நீதிமன்றங்களின் வழியே 2013-இல் அது மீண்டது. தைவானின் நிலை நம்மை மிகவும் ஈர்க்கின்றது. 2017-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உரிமை உண்டென்றது. 2018 வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் குடிமைச் சட்டத்தின் மணம் ஆண்-பெண் இணைக்கே உரியதென்றனர். 2019-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி இரண்டையும் நிறைவு செய்தது. அச்சட்டத்தின் தலைப்பில் மணம் என்னும் சொல்லே இல்லை. நீதிமன்ற விளக்கத்தின் 748 என்னும் எண்ணே உள்ளது. அண்டை நாடான சிங்கப்பூர் வேறு வழி சென்றது. அமைச்சர் கா. சண்முகம் முன்னின்று நடத்திய 2022 நவம்பர் விவாதத்தின் முடிவில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு நீங்கிற்று. அதே அமர்வில், மணத்தின் வரையறையை அடிப்படை உரிமைகளைக் காட்டி நீதிமன்றங்கள் செல்லாதாக்க முடியாதவாறு அரசியலமைப்பும் திருத்தப்பட்டது.

மலேசியாவில் 377ஏ தண்டனைச் சட்டத்தில் நீடிக்கின்றது. சிலாங்கூர் மாநில ஷரியா குற்றச்சட்டத்தின் 28-ஆம் பிரிவை 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் செல்லாதென்றனர். இதனை உரிமைத் தீர்ப்பாகக் கொண்டாடுதல் பிழை. மாநிலச் சட்டமன்றத்திற்கு அதிகாரமில்லை என்பதே அதன் அடிப்படை.

வட சிலாங்கூர்த் தமிழாசிரியர்களிடையே இப்பொருள் எழும்போது, “பெரும்பான்மையினர் விரும்பாததை நீதிமன்றம் திணிக்கலாமா?” என்று சிலர் வினவுவதுண்டு. சுங்கை பஞ்சாங் சட்டமன்றத் தொகுதியில் மலாய்க்காரரே பெரும்பான்மையர். கோல சிலாங்கூர் வரை பரந்த தோட்டப்புறத் தமிழர் எத்தொகுதியிலும் தம் வாக்கால் மட்டும் எதையும் பெறவல்லாரல்லர். தமிழ்ப்பள்ளி நிலைக்க வேண்டுமா என்பதை அத்தொகுதியின் வாக்குப்பெட்டிக்கு விடலாமா என்று அவ்வாசிரியர்களை நாம் திருப்பிக் கேட்போம்.

அவர்தம் பெற்றோரின் மணங்களும் இவ்வரலாற்றுக்கு உட்பட்டவை. தோட்டக் கோயிலில் தாலி கட்டினால் மணம் முடிந்தது என்பதே நெடுங்கால வழக்கு. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் பதிவு கட்டாயமாயிற்று. பதியாது விட்டோரின் பிள்ளைகள் பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் பட்ட இன்னல்களைப் பள்ளிச் சேர்க்கையில் ஆசிரியர்கள் கண்கூடாகக் கண்டுள்ளனர். ஊரறிந்த மணம் ஏட்டில் இல்லாமற்போவது எத்தகையது என்பதை இவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அச்சட்டம் மக்கள் வாக்கெடுப்பால் வந்ததன்று. அரச ஆணையம் ஒன்றின் ஆய்வைத் தொடர்ந்து நாடாளுமன்றம் இயற்றியது. இணையர் ஆணும் பெண்ணுமாக இல்லாவிடின் மணம் செல்லாது என்று கூறும் 69-ஆம் பிரிவும் அச்சட்டத்தில்தான் உள்ளது.