மரக்கால் யார் கையில்?

தகுதி என்று யாராவது பேச்செடுத்தால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அளக்கிற மரக்கால் யார் கையில் இருக்கு? கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை நெல் வாங்க வேறொரு மரக்கால் வைத்திருந்த பண்ணைகளின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இணையத்தில் எழுத்துக்கு ஓட்டுப் போட்டு, எழுதியவருக்கு மதிப்புப் புள்ளி சேர்க்கிற தளங்களையும் இந்தக் கேள்வியோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஆளைப் பார்ப்பதில்லை, எழுத்தை மட்டுமே பார்க்கிறோம் என்பது இவர்கள் வாதம். அப்படியா? 2013-இல் முச்னிக், ஆரல், டெய்லர் மூவரும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு செய்தித் தளத்தில் வாசகர் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஆளுக்கொரு பொய் ஆதரவு ஓட்டைப் போட்டுவிட்டார்கள். கடைசியில் அவற்றின் சராசரி மதிப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. முதலில் விழுந்த ஒற்றை ஓட்டு, பின்னால் வந்தவர்களின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. இதையா தகுதி என்கிறோம்?

அடுத்து, புள்ளி அதிகாரமாக மாறுவது. 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் நெடுங்காலம் இருந்த விதி இது: ஆதரித்து ஓட்டுப் போட 15 புள்ளி வேண்டும், எதிர்த்துப் போட 125, பிறர் கேள்வியை மூட ஓட்டளிக்க 3000. கெடுக்க வருகிறவர்களைத் தடுக்க வேலி தேவைதான், மறுக்கவில்லை. ஆனா, முதலில் வந்தவர்கள் எளிய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட்டார்கள். அந்தப் பழைய பதில்களுக்குப் புள்ளி வந்துகொண்டே இருக்கும். பிறகு வந்தவர்கள் வரப்பில் நின்று அனுமதி கேட்கணும். இதுக்குப் பேர் தகுதியா, பட்டா நிலமா?

1997-இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் வேறு வழி பார்த்தது. ஆசிரியர் குழுவின் கை ஓங்கியே இருந்தாலும், தொடர்ந்து வாசிக்கிற சாதாரண உறுப்பினர்களுக்கும் மதிப்பிடும் வேலை முறைவைத்து வந்தது. ஐந்து புள்ளி, மூன்று நாள் கெடு. மதிப்பிட்ட விவாதத்தில் தானே பேசினால் அந்த மதிப்பீடு செல்லாது. 1999-இலிருந்து மதிப்பிட்டவரின் தீர்ப்பையும் மற்றவர்கள் மதிப்பிட்டார்கள்.

இதுவும் போதாது. பெரும்பான்மை ஓட்டே நியாயம் என்றால் என்ன ஆகும் என்பதை 1932 பூனா ஒப்பந்தத்திலேயே நாம் பார்த்துவிட்டோம். நம் பிரதிநிதி யார் என்பதை இறுதியில் தீர்மானித்தவை சேரிக்கு வெளியே விழுந்த ஓட்டுகள். நமக்கு வலித்ததை எழுதினால், வலிக்காதவர்கள் கூடி அதைக் கீழே தள்ளிவிட முடிகிற ஏற்பாடும் அதே கணக்குத்தான். 2008-இல் டிக் தளம் பலதரப்பட்டவர்களின் ஓட்டுக்குக் கூடுதல் எடை தர முயன்றபோது முன்னணிப் பயனர்கள் கொதித்தெழுந்தார்கள். மண்டல் காலத்துக் கூச்சலைக் கேட்ட நமக்கு இது புதுசில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. ஓட்டுப் போடும்வரை எண்ணிக்கையை மறைத்து வை. புள்ளிக்கு ஆயுள் குறி. ஒரே கூட்டத்தின் நூறு ஓட்டை நூறாக எண்ணாதே. ஒருவர் வாயை மூடுகிறவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மரக்காலை நடுக்களத்தில் வைத்து எல்லார் கண்ணுக்கும் தெரிய அளக்கட்டும். அப்புறம் தகுதியைப் பற்றிப் பேசலாம்.