யாருடைய உடல், எந்த வயதில்?

நிதிஷா வழக்கில் 2021 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைப் பெண்ணியர் பலர் வரவேற்றோம். வரவேற்றது சரியே. ஆனால், பெண் உடலைப் பற்றிய ஒரு பிரதியாக அதை வாசிக்கும்போது அது எதுவரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னணி இது. மருத்துவம், செவிலியர் பணி தவிர்த்த பிரிவுகளில் இந்திய ராணுவம் 1992இல்தான் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியது. சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் அவர்கள் பயிற்சி பெற்றார்கள். குறுகிய காலப் பணியில் சேர்ந்த ஆண்கள் சில ஆண்டுகளில் நிரந்தரப் பணிக்குப் போக முடிந்தது. பெண்களுக்குப் பெரும்பாலான பிரிவுகளில் அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. 2020 பிப்ரவரியில் பபிதா பூனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் திறந்தது. தாய்மை, குடும்பப் பொறுப்பு, உடல் வரம்பு என்று அரசு அடுக்கிய காரணங்களை அது ஏற்கவில்லை.

வழி திறந்ததும் வாசலில் மருத்துவப் பரிசோதனை வந்து நின்றது. நிரந்தரப் பணி வேண்டுமானால் ‘ஷேப்-1’ தரத்தில் இருக்க வேண்டும். மனநலம், செவித்திறன், கை கால், உடல்திறன், கண்பார்வை ஆகிய ஐந்திலும் குறையில்லாத உடலுக்கு ராணுவம் வைத்திருக்கும் பெயர் அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தரம்தானே, இதில் பாகுபாடு எங்கே என்று கேட்கத் தோன்றும்.

பாகுபாடு வயதில் இருந்தது. ஆண் அதிகாரிகள் பணியின் ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில், இளம் வயதிலேயே இந்தப் பரிசோதனையைக் கடந்துவிட்டார்கள். நிரந்தரப் பணி கிடைத்த பிறகு ஷேப்-1 தரம் குறைந்தாலும் அவர்கள் பணியில் தொடரலாம். பெண்களையோ பல ஆண்டுகள் காக்க வைத்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய உடலில் அதே தரத்தைத் தேடினார்கள். பரிசீலிக்கப்பட்ட 615 பெண்களில் 277 பேருக்கே நிரந்தரப் பணி கிடைத்தது. விடுபட்ட எல்லோரையும் மருத்துவம் தடுத்ததாகச் சொல்ல முடியாது. மதிப்பீட்டு அறிக்கைகளும் பலரைத் தடுத்தன. ஆனால், காக்க வைத்தவர்களே காத்திருந்தவர்களின் வயதைக் குறையாக எண்ணியது மருத்துவப் பரிசோதனையில்தான்.

இதை மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் சரியாக அடையாளம் கண்டது. தீங்கு செய்யும் எண்ணம் இருந்ததா என்று தேடாமல் விளைவைப் பார்த்தது. இந்தத் தீர்ப்பின் பெரும் பங்களிப்பு இதுதான். சட்டம் படிக்கும் மாணவியர் இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும்.

எனது கேள்வி தீர்ப்பு தந்த நிவாரணத்தைப் பற்றியது. ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில் அந்தப் பெண்ணின் உடல்நிலை எப்படி இருந்தது என்று பார்க்கும்படி நீதிமன்றம் சொன்னது. அதாவது, எதிரில் நிற்பவளை விட்டுவிட்டு, பழைய கோப்பில் இருக்கும் இளம்பெண்ணைப் பரிசோதிக்க வேண்டும். அவளுக்கு உரியது இதனால் கிடைக்கும். ஆனால், பணி செய்து முதிர்ந்த உடல் தகுதியான உடல்தானா என்ற கேள்வி தொடப்படாமலே போகிறது. அதே வயதுடைய ஆண்கள் ஷேப்-1 இல்லாமலும் பணியில் இருக்கிறார்கள் என்பதே அதற்குப் போதிய பதில். ராணுவத்தின் மருத்துவத் தரத்தை மனுதாரர்கள் எதிர்க்கவில்லை. நீதிமன்றமும் அதற்குள் போகவில்லை. கடிகாரம் திருத்தப்பட்டது. அளவுகோல் அப்படியே இருக்கிறது.

அளவுகோலையே தொட்ட வழக்கும் உண்டு. ராணுவ மருத்துவப் பிரிவுக்குத் தேர்வாகி, பரிசோதனையிலும் தேறிய ஒரு பெண் மருத்துவர், பணியில் சேர வந்தபோது கருவுற்றிருந்தார். சேர்க்க மறுத்துவிட்டார்கள். பிள்ளையா வேலையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது என்று 2016இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் கூறியது. கருவுற்ற உடல் தகுதியற்ற உடலாகப் பதிவாவதை நேருக்கு நேர் கேட்ட தீர்ப்பு அது. நிதிஷா தீர்ப்பை இதன் அருகில் வைத்துப் படித்தால்தான் அது எங்கே நின்றுவிட்டது என்பது தெரியும்.

ராணுவத்தையே எதிர்க்கும் தோழியர் சிலர், இந்த வாசலுக்காக நாம் ஏன் வாதாட வேண்டும் என்று கேட்கிறார்கள். போரை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நானும் விட்டுத்தர மாட்டேன். ஆனால், ‘இவள் உடல் தேறாது’ என்று அரசு முத்திரை குத்தும்போது அந்த முத்திரை ராணுவத்தோடு நிற்பதில்லை. காவலர் தேர்விலும் ஓட்டுநர் தேர்விலும் அதே அளவுநாடா வரும். எல்லோருக்கும் ஒரே அளவு என்று யாராவது சொன்னால், முதலில் மூன்று கேள்விகள் கேட்போம்: யாருடைய உடலை வைத்து அந்த அளவை எடுத்தீர்கள்? எந்த வயதில் எடுத்தீர்கள்? அதுவரை எங்களை வெளியே நிறுத்தி வைத்தது யார்?