பூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்

பழைய தாவர நூல்களில் பூவைப் பற்றி எழுதியிருக்கும் குறிப்புகளைப் பலர் ஒரு பார்வையோடு கடந்துவிடுகிறார்கள். இலை இன்ன வடிவம், விளிம்பு இப்படி, தண்டு அப்படி. இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. பூ கையில் இல்லாமல் வாசிப்பதால் வருகிற அலுப்பு இது. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் இருப்பவர்களுக்கு அந்தக் குறை இல்லை. இந்தச் செம்மண்ணில் தடியை முறித்து ஊன்றினாலே செவ்வரத்தை தளிர்த்துவிடும். கும்பழாவளைப் பிள்ளையாருக்குப் பூப்பறிக்க விடியவே கொக்கத்தடியோடு புறப்படுகிறவர்கள் எந்த வளவில் எந்த நிறம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். செவ்வரத்தையிலிருந்தே தொடங்கலாம்.

காலையிலேயே ஒரு பூவை இலையோடு பறித்துக்கொள்ளுங்கள். பின்னேரம் அது சுருண்டுவிடும். முதலில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடியைப் பற்றி 1753இல் எழுதியதைப் பாருங்கள். இலை முட்டை வடிவம், நுனி கூர், விளிம்பில் பல், தண்டு மரம்போன்றது. அவ்வளவுதான். ஊரே சிவப்பாகக் காணும் பூவின் நிறத்தைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல் இல்லை! நிறத்தை நம்பாதே என்பது அவருடைய கொள்கை. மாறாத அடையாளத்தையே அவர் தேடினார். இப்போது உங்கள் கையில் உள்ள இலையை விரலால் தடவிப் பாருங்கள். காம்புப் பக்கம் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும், நுனியை நோக்கிப் போகப் போகப் பல் தட்டுப்படும். வெள்ளைப் பூ பூக்கும் செடியிலும் மஞ்சள் பூக்கும் செடியிலும் இதைச் செய்து பாருங்கள். வறண்டதாகத் தெரிந்த வரி எவ்வளவு கவனத்தோடு எழுதப்பட்டது என்று விரலே சொல்லும்.

லின்னேயஸ் ஒதுக்கியதில்தான் எனக்குப் பிரியம் அதிகம். தோட்டக்காரர் பேணும் அடுக்குப் பூக்களை அவர் இயற்கை பிசகியவை என்று தள்ளினார். ஓர் ஒற்றைச் செவ்வரத்தையையும் ஓர் அடுக்குச் செவ்வரத்தையையும் பக்கத்தில் வையுங்கள். ஒற்றையில் ஐந்து இதழ்; நடுவே நீண்ட குழாய்; அதைச் சுற்றிக் கேசரங்கள்; உச்சியில் ஐந்து குறிகள். அடுக்குப் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு உள்ளே போனால் பாதி இதழாகவும் பாதி கேசரமாகவும் நிற்கும் துண்டுகள் அகப்படும். சிலவற்றின் ஓரத்தில் மஞ்சள் மகரந்தக்கூடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கேசரம் இதழாகிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டுவிட்டது! இதைக் கண்ட பிறகு, பழைய குறிப்பில் 'அடுக்கு' என்று வாசித்தால் அந்தத் துண்டுதான் கண்ணில் நிற்கும்.

வகைகளை எழுதுவதில் சீனர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஓயாங் சியூ என்ற புலவர் 1034இல் லுவோயாங் நகரத்துப் பியோனிப் பூக்களைப் பற்றி எழுதிய நூலில் 24 வகைகளைச் சொல்கிறார். பியோனி கடுங்குளிர் கண்டால்தான் பூக்கும். யாழ்ப்பாண வெயிலில் அதற்கு வழியில்லை. ஆனாலும் அவர் எழுதும் விதம் நமக்கு நெருக்கமானது. பூ யார் வீட்டில் தோன்றியதோ அவர் வீட்டுப் பெயரிலேயே அது வழங்குகிறது: யாவ் வீட்டு மஞ்சள், வெய் வீட்டுப் பூ. யாவ் வீட்டு மஞ்சள் வந்து பத்து வருடமும் ஆகவில்லை, ஆண்டுக்குச் சில பூக்களே கிடைக்கும் என்கிறார். வெய் வீட்டுப் பூவைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்குப் பத்துப் பதினைந்து காசு கொடுத்து, படகில் குளத்தைக் கடந்து போனார்களாம். பூவை மட்டுமல்லாமல் அதைப் பார்க்கத் தவித்த ஊரையும் சேர்த்து எழுதினார். அதனால்தான் அந்தப் பூ இன்றும் வாசிப்பவருக்கு அரிய பூவாகவே இருக்கிறது.

நம்மிடம் உள்ள எழுத்து வேறு தேவையிலிருந்து வந்தது. கமலை ஞானப்பிரகாசரின் புட்பவிதி சிவபூசைக்கு உரிய பூக்களைச் சொல்லும் நூல். கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்று பூக்களை நான்காக வகுக்கும் நம் மரபு, பூ எதில் பூக்கிறது என்று பார்க்கிறது. இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1893 முதல் வெளிவந்த திரைமனின் நூலில் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. நம் ஊர்ச் செடியை அதில் தேடிப் பிடிப்பது தனி மகிழ்ச்சி.

குறிப்புகள் ஒன்றையொன்று திருத்துவதையும் கவனியுங்கள். இதழ் நார்நாராகக் கிழிந்து, நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும் செவ்வரத்தையைப் பார்த்திருப்பீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது அது. 1879இல் அதைச் சாதாரணச் செவ்வரத்தையின் ஒரு வகை என்றே எழுதினார்கள். 1880இல் தனி இனமாக்கினார்கள். இரண்டு பூவையும் அருகருகே பிடித்துப் பார்த்து, எந்த முடிவு சரி என்று நீங்களே வாதாடலாம்.

பிறகு உங்கள் வளவுப் பூவுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். ஒற்றையா அடுக்கா, இதழடியில் இருண்ட கண் உண்டா, காலை நிறமும் மாலை நிறமும் ஒன்றா, தடி யார் வீட்டிலிருந்து எந்த ஆண்டு வந்தது. 'அழகிய' என்ற சொல் மட்டும் வேண்டாம். அது எந்தப் பூவுக்கும் பொருந்திவிடும்.