தண்ணி மாறுகிற கை

கோடையில் யாழ்ப்பாணத்தில் எதை ரசிப்பது என்று ஊர்க்காரரைக் கேட்டால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்பார்கள், நல்லூர்த் திருவிழா என்பார்கள். என்னைக் கேட்டால், விடியப்புறம் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் போய் ஏதாவதொரு தோட்டத்தில் தண்ணி மாறுவதைப் பாருங்கள் என்பேன். மாம்பழத்துக்கு நாக்குப் போதும். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஆறில்லாத ஊர் இது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. மாரியில் ஓடும், கோடையில் அதற்குள் மாடு மேயும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில் இறங்கித் தங்கினால் உண்டு. தை கழிந்த பிறகு ஒவ்வொரு கத்தரிக் கன்றும் கிணற்றை நம்பித்தான் நிற்கிறது.

ஒரு வெங்காயத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று பரப்பு இருக்கும். 16 பரப்புக்கு ஒரு ஏக்கர். நடுவே வாய்க்கால், இரு பக்கமும் பாத்திகள். மாறுகிறவர் மண்வெட்டியோடு கணுக்கால் நனைய நிற்பார். பாத்தியின் வாயை ஒரே வெட்டில் திறந்து, வெட்டிய மண்ணை அப்படியே வாய்க்காலுக்குக் குறுக்கே வைத்து அமத்துவார். திறப்பும் அடைப்பும் ஒரே அசைவு. தண்ணீர் திரும்பி உள்ளே படரும். விரைந்து பாய்ந்தால் அடிமண் கரைந்து வெங்காயத்தின் வேர் வெளியே தெரியும். சோர்ந்து ஓடினால் வாயருகிலேயே தேங்கி மறுகோடி காயும். முக்கால் பாத்திக்கு எட்டியதும் வாயை அடைத்துவிடுவார். உள்ளே போன தண்ணீர் மிச்சத் தூரத்தைத் தானே போய்ச் சேரும். அந்த முக்கால் எங்கே என்பதில்தான் கைவரிசை. நேற்றைய வெயில், மண்ணில் மிஞ்சிய ஈரம், பயிரின் வயது எல்லாம் சேர்ந்து அது தினமும் இடம் மாறும். அந்த இடத்தில் அவர் கோல் ஊன்றி வைப்பதில்லை. நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

கிணற்றில் துலாவால், அதாவது ஏற்றத்தால், இறைத்த காலத்தில் இது மூன்று பேரின் வேலை. ஒருவர் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். இன்னொருவர் கிணற்றடியில் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையைத் தாழ்த்தி, நிறைந்து வந்ததும் கவிழ்ப்பார். மூன்றாமவர் தண்ணி மாறுவார். எகிப்தில் நைல் கரையில் ஷாதுஃப் என்று இதே தத்துவத்தில் ஒன்று உண்டு. ஆனால் ஆள் ஏறி மிதிக்கிற அழகு அதற்கில்லை. பனையோலைப் பட்டையில் பட்டை பட்டையாக வருவதால் வாய்க்காலில் தண்ணீர் நிதானமாக வரும், கிணறும் ஊற நேரம் கிடைக்கும். குடாநாட்டின் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூர் நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. மளமளவென்று இழுத்தால் கீழே கிடக்கும் உவர் மேலேறிவிடும். பட்டைக்கு அந்த அவசரம் இருந்ததில்லை.

கிணறு பெரும்பாலும் பங்குக் கிணறு. காணி உறுதிகளில் நிலத்தோடு சேர்த்துக் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எழுதியிருக்கும். யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பதில் சகோதரங்களே கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதையும் ரசிக்கச் சொல்லமாட்டேன்.

வேலியை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பேச முடியாது. கிளுவையும் பூவரசும் கதியாலாக நின்று, இடையில் பனை மட்டையோ கிடுகோ வைத்து வரிந்த வேலி, சோளகக் காற்று கொண்டுவரும் புழுதியைத் தடுக்கும், ஈரத்தையும் காக்கும். அதில் வெட்டுகிற குழை பாதி ஆட்டுக்கு, பாதி மண்ணுக்குள் தாழ்க்க. உள்ளே கத்தரி, பயிற்றை, பந்தலில் பாகல். நீர்வேலிப் பக்கமென்றால் வாழை. நடுவில் பழைய சட்டை போட்ட வெருளி. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிக் கூழுக்குப் பாடியது எல்லோருக்கும் தெரியும். கத்தரித் தோட்டத்து வெருளிக்கும் அவர் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். ரசிகர் என்றால் அவர்.

தண்ணீர் இறைக்கும் மெசின் வந்து துலாவை ஓரங்கட்டியது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருள் அருமையாகிவிட, ஒதுக்கி வைத்த துலாக்கள் சிலவற்றுக்கு மறுபடி வேலை வந்தது. இப்போது மின்மோட்டர், சீமெந்து வாய்க்கால், சில இடங்களில் தூவல் குழாய். தூவலில் தண்ணீர் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் பூவில் தண்ணீர் அடித்தால் கொட்டிப் போகும் என்று வாய்க்காலை விடாத கத்தரிக்காரர் இன்னும் இருக்கிறார்கள்.

மோட்டர் வந்ததால் மாறுகிறவரின் வேலை குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் வேகமாக வருகிறது. ஒரு பாத்தி நிறைய முன்னமே அடுத்ததின் வாயில் நிற்க வேண்டும். “நிறைஞ்சிட்டுது தம்பி, மாறு, மாறு!” என்று கிணற்றடியிலிருந்து பெரியவர் கத்துவார். காதில் பாட்டுக் கேட்டபடி நிற்கிற பொடியனுக்கு அது விளங்காது. ஆனால் அவன் ஏற்கெனவே அடுத்த வாயைத் திறந்திருப்பான். நன்றாகவே மாறுகிறான். வெட்டு மட்டும் கொஞ்சம் அகலம்.