தோன்றா எழுவாய்

தமிழ்க் குழந்தைகள் பலர் வீட்டில் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லிப் பழகும் நூல் ஆத்திசூடி. அதை இயற்றியவர் ஔவை என்ற பெண். சொல்லிக்கொடுப்பவரும் பெரும்பாலும் பெண்தான்: அம்மா, ஆயா, அத்தை. அகரவரிசையில் 'தை' வரும் இடத்தில், பெண்ணின் சொல்லைக் கேட்காதே என்கிறது அந்நூல். மனைவி சொல்கேட்டு நடக்காதே என்று உரைகாரர்கள் அதை விரித்தும் சொன்னார்கள். ஆக, தன் சொல்லைக் கேட்க வேண்டாம் என்பதைக் குழந்தைக்குச் சொல்லித்தரவும் ஒரு தாய் தேவைப்படுகிறாள். முதுகலை வகுப்பில் இதைப் பேசும்போது மாணவிகள் சிரிப்பார்கள். உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும். 'எங்கம்மாதான் மேடம்.'

வீட்டில் குழந்தையின் எழுத்தையும் வாசிப்பையும் வளர்ப்பது பற்றிய நம் பேச்சு முழுவதிலும் இந்த முரண் ஓடுகிறது. பெண்ணின் உழைப்பு வேண்டும். அவள் சொல் வேண்டாம்.

அந்தப் பேச்சின் வாக்கியங்களையே பாருங்கள். தினமும் இருபது நிமிடம் கதை வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் ஒரு புத்தக மூலை அமையுங்கள். குழந்தை கேள்வி கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். பள்ளிக் கூட்டங்களிலும் வார இதழ்களின் குழந்தை வளர்ப்புப் பக்கங்களிலும் திரும்பத் திரும்ப வருபவை இவை. எல்லாம் ஏவல் வினைகள். செய்ய வேண்டியவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்போம். கேட்டால், 'பெற்றோர்' என்று பதில் வரும். பெற்றோர் என்பது பலர்பால் சொல். ஆணா பெண்ணா என்று காட்டாது. ஆனால் எந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கும் போய்ப் பார்த்தால், அந்த எழுவாய் புடவையிலும் சுடிதாரிலும் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரியும்.

இது என்றும் இப்படியே இருந்ததல்ல. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டு ஒன்றில், பெற்று வளர்ப்பது தாயின் கடமை. மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை. கல்வி தந்தையின் பொறுப்பாகவும் மகனின் உரிமையாகவும் இருந்த உலகம் அது. மகளைப் பற்றி அந்தப் பாட்டில் பேச்சே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கல்விக்காக வாதாடிய பலர், படித்த பெண் பிள்ளைகளை நன்றாக வளர்ப்பாள் என்ற காரணத்தை முன்வைத்தார்கள். பெண்ணுக்குக் கிடைத்த எழுத்து அவளுக்காகக் கிடைக்கவில்லை. பிள்ளைக்குக் கொண்டுசேர்க்கக் கிடைத்தது. தந்தையின் கடன் தாயின் தலைக்கு மாறியது இப்படித்தான். கடன் மாறியதே தவிர, அதை அடைப்பதற்கான நேரத்தை யாரும் கொடுக்கவில்லை.

அதே நூற்றாண்டில் வங்கத்தில் ராசசுந்தரி தேவி என்ற பெண் எதிர்த்திசையில் நடந்தார். கணவரின் 'சைதன்ய பாகவத'த்திலிருந்து ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலையோடு அதை ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் எழுத்துக்கூட்டக் கற்றார். பின்னாளில் 'ஆமார் ஜீபன்' என்று தன் வாழ்க்கையையும் எழுதினார். மகனின் பாடத்திலிருந்து தாய் தனக்காகப் படித்த கதை இது. குழந்தை வாசிப்பு பற்றிய நம் அறிவுரைகளில் இந்தத் தாய்க்கு இடமில்லை. குழந்தைக்காக வாசிக்கும் தாய் உண்டு. தனக்காக வாசிக்கும் தாய் இல்லை.

நான் வசிக்கும் திருவேற்காட்டில் மாலை ஆறரை மணிக்கு இந்த அறிவுரைகளின் நிலைமை என்னவென்று எளிதில் தெரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்தும் தையல் கம்பெனிகளிலிருந்தும் அடுக்குமாடி வீட்டு வேலைகளிலிருந்தும் பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும் நேரம் அது. குக்கர் ஒரு பக்கம், வீட்டுப்பாடம் ஒரு பக்கம், பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி ஒரு பக்கம். 2019இல் நடந்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள்; ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். அறிவுரை கேட்கும் அந்த இருபது நிமிடம் இந்த 299க்கு மேல் வருவது.

இந்த நேரம் கிடைக்காத தாய்க்குக் குற்றவுணர்வு மட்டும் தவறாமல் கிடைக்கிறது. இங்கிலாந்தில் பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் நான்கு வயதை எட்டும் சிறுமிகளும் தாய்மார்களும் வீட்டில் பேசுவதைப் பதிவுசெய்து 1984இல் நூலாக்கினார்கள். வீட்டுப் பேச்சில் குழந்தைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்று அந்நூல் காட்டியது. அதே பதிவுகளை வாலரி வாக்கர்டினும் ஹெலன் லூசியும் பெண்ணியப் பார்வையில் மறுபடி படித்து 1989இல் ஒரு நூல் எழுதினார்கள். பாத்திரம் கழுவுவதையும் பாடமாக மாற்றும் தாய் 'நல்ல தாய்' ஆகிறாள். 'எனக்கு வேலை இருக்கு, நீ போய் விளையாடு' என்று சொல்லும் தொழிலாளி வர்க்கத் தாய் குறையுள்ளவளாகத் தெரிகிறாள் என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இரண்டாமவள் தன் வேலையை வேலை என்றே குழந்தையிடம் சொல்கிறாள். முதலாமவள் அதை விளையாட்டாக்கி மறைக்க வேண்டியிருக்கிறது. அம்மாவின் வேலை வேலைதான் என்று தெரிந்து வளர்வதும் ஒரு கல்விதான்.

தமிழக அரசு 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போன எழுத்தை மாலை நேரத்தில் குழந்தைகளுக்குத் திரும்பச் சொல்லித்தந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. இத்திட்டத்தில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு அம்மாவும் தனித்தனியே சுமந்ததைத் தெருவின் பொது வேலையாக அது மாற்றியது. வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்த வேலைக்கு ஒரு நேரம், ஓர் இடம், ஒரு பெயர் வந்தது. பிடிக்காதது, அந்த வேலைக்கு வைத்த விலை. படித்த, வேலை கிடைக்காத, வீட்டிலிருக்கும் பெண்ணின் மாலைப்பொழுது மலிவானது என்ற கணக்கில்லாமல் அந்த 1000 ரூபாய் வராது. அடுத்த ஆண்டு ஜூனில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. பிழையின்றி என்ற சொல்லில்தான் எனக்குத் தயக்கம்.

ஏனென்றால் நம் வீடுகளில் எழுதுவது என்றால் பார்த்து எழுதுவதுதான். தமிழுக்கு இரண்டு கோடு நோட்டு, ஆங்கிலத்துக்கு நான்கு கோடு நோட்டு. கோட்டுக்குள் நின்றால் நல்ல குழந்தை. நியூசிலாந்தில் மாவோரி குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் வேறு வழியில் போனார். தினமும் ஒவ்வொரு குழந்தையிடமும் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக்கொடுப்பார். மறுநாள் குழந்தைக்கு அடையாளம் தெரியாத சொல்லைத் தூக்கிப்போட்டுவிடுவார். அது அந்தக் குழந்தைக்கு முக்கியமான சொல் இல்லை என்று பொருள். நின்றவை அச்சத்தையும் அன்பையும் தொட்ட சொற்கள். எங்கள் ஊர்க் குழந்தை என்ன கேட்கும்? தண்ணி லாரி, ஆடி மாதத்துக் கூழ், கூவத்தில் வெள்ளம், 'அம்மா லேட்டு'. 'நேத்து அப்பா கத்துனாரு' என்று ஒரு குழந்தை எழுதினால், அதில் ஒற்றுப்பிழை தேடுவதா, அது சொன்னதைக் கேட்பதா? கேட்கப்படாத குழந்தை பிறகு எழுதாது. பெண்குழந்தை என்றால் அந்தப் பாடத்தை இன்னும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது.

இதற்குப் பட்டம் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களே தாலாட்டுக் கட்டினார்கள். பிறந்த வீட்டுப் பெருமையையும் புகுந்த வீட்டுக் குறையையும் குழந்தையின் பெயரில் பாடிவைத்தார்கள். தூங்க வைக்கும் வேலையிலேயே தன் சொல்லையும் சேர்த்துவிட்ட படைப்பு அது. அந்த ஆயா சொல்லும் விடுகதையைப் பேத்தி எழுதிவைத்தால் அதுதான் வீட்டு நூலகத்தின் முதல் புத்தகம். கைநாட்டு வைக்கும் ஆயாவும் அப்போது ஆசிரியர் ஆகிறாள்.

அறிவுரைகளை எழுவாயோடு எழுதிப் பார்க்கலாம். இன்றிரவு அப்பா கதை வாசிப்பார். அண்ணன் பாத்திரம் கழுவுவான். அம்மா தன் புத்தகத்தைப் படிப்பாள். அப்போது அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். நகராட்சிக்குச் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. வேலை விட்டு வரும் பெண் குழந்தையோடு ஏழு மணிக்கும் போய் உட்காரக்கூடிய, விளக்கும் கழிப்பறையும் உள்ள நூலகத்தைக் கேட்க அந்த வரியே போதும். தாய் தனக்காக வாசிப்பதைப் பார்க்கும் குழந்தைக்கு வாசிப்பு வீட்டுப்பாடமாகத் தெரியாது. பெண்ணுக்கும் சொந்தமாக ஒரு சொல் உண்டு என்பதை யாரும் சொல்லித்தராமலே அது தெரிந்துகொள்ளும்.