காதில் விழுவதெல்லாம் படிப்பாகுமா?

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் அண்மைக்காலமாக ஒரு வாதம் பலமாகக் கேட்கிறது. பிள்ளையைத் தரம் ஒன்றிலேயே சிங்களப் பாடசாலையில் சேர்த்துவிட்டால் போதும். நாள் முழுக்கச் சிங்களம் காதில் விழும், ஒரு வருடத்தில் மொழி தானாக வந்துவிடும். தமிழ்தான் வீட்டில் இருக்கிறதே, அது எங்கே போய்விடும்? லுணுகலைப் பக்கமோ மடுல்சீமைப் பக்கமோ ஒரு தாய் இப்படிச் சொன்னால், வேறு வழியில்லாத நிலையில் வரும் பேச்சு என்று புரிந்துகொள்ளலாம். படித்தவர்களும் மேடைப் பேச்சாளர்களும் இதையே ஒரு கல்வி முறையாக எடுத்து நிறுத்துவதுதான் கவலை தருகிறது. சின்ன வயதுப் பிள்ளை எந்த மொழியையும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் கேள்வியே இல்லாதது போல நகர்ந்துவிடுகிறார்கள்.

பெற்றோரின் கணக்கில் நியாயம் உண்டு. பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். மொனராகலையில் அதைவிட மிகக் குறைவு. பொலிஸ், ஆஸ்பத்திரி, வங்கி, பஸ் என்று எங்கே போனாலும் சிங்களம் தேவை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் கந்தோர்க் கவுண்டரில் தமிழில் பதில் கிடைப்பது இன்னும் அன்றைக்கு யார் கடமையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க நகரத்துக்குத்தான் போக வேண்டும். பல தோட்டங்களுக்குக் கிட்டத்தில் இருப்பதும் சிங்களப் பாடசாலைதான். இரண்டு இனத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்வதும் இந்த நாட்டில் சின்ன விஷயமல்ல. இவை எல்லாம் சரி. தவறு அந்த முதல் அனுமானத்தில் இருக்கிறது: மொழி காதில் விழுந்தால் படிப்பு வந்துவிடும் என்பதில்.

இது பொய் என்பதற்கான சாட்சியைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பசறை, ஹாலிஎல, பண்டாரவளை பஜார்களில் சிங்களம் சரளமாகப் பேசும் தோட்டத்து முதியவர்கள் எத்தனையோ பேர். வாழ்நாள் முழுக்கச் சிங்களத்தைக் கேட்டவர்கள், பேசியவர்கள், அதில் பேரம் பேசியவர்கள், சண்டை போட்டவர்கள். பிரதேச செயலகத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் வாசித்துச் சொல்ல ஆள் தேடுகிறார்கள். மறுபுறத்தில், தோட்டத்து வாடிக்கையாளரோடு தினமும் பேசிப் பேசியே நல்ல தமிழ் பழகிய சிங்களக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் தமிழ்ப் பத்திரிகையின் தலைப்பு பிடிபடாது. கேட்டுப் பழகுவது இவர்களுக்கு எதைக் கொடுத்ததோ, அதையே ஆறு வயதுப் பிள்ளைக்கும் கொடுக்கும்: பஜாருக்குப் போதுமான மொழி.

பாடசாலையின் மொழி வேறு. கனடாவின் டொரண்டோ நகரத்தில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றிய தரவுகளை ஜிம் கமின்ஸ் 1981இல் ஆராய்ந்தபோது, அன்றாடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறது என்றும், வகுப்புப் பாடத்தின் மொழியில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகிறது என்றும் கண்டார். நம் ஊர்ப் பாடசாலைக் காலத்தோடு இதை வைத்துப் பார்த்தால் விபரீதம் தெரியும். தரம் ஒன்றில் சேர்ந்த பிள்ளை மொழியை எட்டிப்பிடிக்கும் முன்னரே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்து போய்விடும். கூட்டல் கழித்தல், பின்னம், சுற்றாடல் பாடம் என்று அடித்தளம் போடும் வருடங்கள் அத்தனையும் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கழிந்திருக்கும்.

இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணமே விளையாட்டு முற்றத்துச் சிங்களம்தான். "புள்ள இப்ப நல்லா சிங்களம் பேசுது" என்று தாய் பூரித்துப் போகிறார். ஆசிரியரும் மொழிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார். அதன் பிறகு கணக்கில் பிள்ளை பின்தங்கினால் பழி பிள்ளையின் மேல் விழுகிறது: கெட்டித்தனம் போதாது, வீட்டில் கவனிப்பு இல்லை, தோட்டத்துப் பிள்ளைதானே. வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பது அடக்கம் என்று பாராட்டுப் பெறுகிறது. ஒரு பிள்ளை வருடக்கணக்காகக் கேள்வி கேட்காமல் இருப்பதை அடக்கம் என்று சொல்லும் எந்தக் கல்வி முறையும் அந்தப் பிள்ளைக்கு அநியாயம் செய்கிறது.

இந்த முறைக்கு ஆதரவாகப் பேசுவோர் கனடாவைத்தான் முன்னால் வைக்கிறார்கள். 1965இல் மொன்றியல் புறநகரான சென் லாம்பேரில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை முதலிலிருந்தே பிரெஞ்சில் படிப்பித்தார்கள், வெற்றி கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஆங்கிலக்காரர். எல்லோரும் பிரெஞ்சுக்குப் புதியவர்கள். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் ஆசிரியருக்குப் புரியும். இரண்டாம் வகுப்பிலிருந்து ஆங்கிலமும் ஒரு பாடம். வீட்டில் புத்தகம், வெளியே வானொலி, கடை, உத்தியோகம் என்று கண்டம் முழுவதும் அவர்களுடைய மொழியைத் தாங்கி நின்றது. அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவர்களே அந்தப் பெற்றோர்கள்தான். நமுனுகுலைத் தோட்டத்துப் பிள்ளையோ சிங்களம் தாய்மொழியான முப்பது பேருக்கு நடுவே, தமிழே தெரியாத ஆசிரியருக்கு முன்னால் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது அறியாமை. தெரிந்தே பேசினால் நேர்மையீனம்.

அந்தக் கனடியப் பிள்ளைகளுக்கே முழு வெற்றி கிடைக்கவில்லை. பல வருடம் பிரெஞ்சில் படித்தவர்கள் கேட்டு விளங்குவதில் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கினார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. கேட்டால் மட்டும் போதாது, பிள்ளை தானே பேசவும் எழுதவும் தள்ளப்பட வேண்டும் என்று ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985இல் வாதிட்டது இதை வைத்துத்தான். கைக்குழந்தைக்கும் வெறுமனே காதில் விழுவது போதாது. 2003இல் பட்ரீசியா கூல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் குழந்தைகள் நேரில் விளையாடிப் பேசிய ஆளிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. அதே பேச்சைத் திரையில் பார்த்தவை ஒன்றும் பழகவில்லை. எதிரே ஓர் ஆள் இருந்து பதில் சொன்னால்தான் கேட்பது மொழியாகிறது.

"தமிழ்தான் வீட்டில் இருக்கிறதே" என்பதையும் பார்ப்போம். எவ்வளவு நேரம் இருக்கிறது? விடிய எழும்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும் தாய், கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறார். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் தண்ணீர், விறகு, சமையல். மிச்ச நேரத்தில் லயத்தில் கேட்கும் தமிழில் பாதி, கூரையில் இருக்கும் டிஷ் வழியாக வரும் சீரியல் தமிழ். அன்பும் கோபமும் கேலியும் சொல்ல அந்த வீட்டுத் தமிழ் தாராளமாகப் போதும். அதைக் குறைவாகப் பேச எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் எந்த வீட்டு மொழியும் பாடசாலையின் துணை இல்லாமல் பாட மொழியாக வளர்வதில்லை, கொழும்புப் பணக்காரர் வீட்டிலும்கூட. தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு அந்த இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்பதைத் தமிழில் சொல்ல ஒருவரும் வாய்ப்பதில்லை. சிங்களத்தில் வாய்க்கும்போது, வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேச ஆளில்லை. கொப்பியைப் பார்க்கத் தாய்க்கு முடியாது. பெற்றோர் கூட்டத்தில் தாயும் பிள்ளையைப் போலவே மௌனமாக இருந்துவிட்டு வருகிறார்.

சிங்களப் பாடசாலைக்குள்ளும் தாய்மொழிக்கு இடமில்லை. சைவ சமயத்துக்கு ஆசிரியர் இல்லாத இடத்தில் சைவப் பிள்ளை பௌத்த பாடம் படிக்கிறது. சாதாரண தரத்தில் முதல் மொழி என்று எழுதுவது சிங்களத்தை. தமிழைப் பாடமாகச் சந்தித்தால், அது சிங்களப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட இரண்டாம் மொழிப் பாடம். பாட்டியோடு தமிழில் வாயாடும் பிள்ளை அங்கே இருந்து 'அ, ஆ' எழுதிப் பழகுகிறது. இதற்குப் பெயர் இருமொழிக் கல்வி என்றால் அந்தச் சொல்லுக்கே அவமானம்.

மறுபக்க அனுபவம் சுவீடனில் பதிவாகியிருக்கிறது. அங்கே குடியேறிய பின்லாந்துப் பிள்ளைகளை ஸ்குட்னப் கங்காஸும் தோக்கோமாவும் 1976இல் ஆராய்ந்தார்கள். பத்து வயதளவு வரை தாய்மொழியில் படித்துவிட்டு வந்தவர்கள், சிறு வயதிலேயே வந்தவர்களைவிடச் சுவீடிஷில் நன்றாகத் தேறினார்கள். அந்த ஆய்வு எழுப்பிய சில கருத்துகள் பிற்காலத்தில் கண்டனத்துக்கு உள்ளாயின. ஆனாலும் முதல் மொழியில் உறுதியான அத்திவாரம் இரண்டாம் மொழிக்குத் துணை என்ற அடிப்படை முடிவைப் பிந்திய ஆய்வுகள் பலவும் தாங்கியே நிற்கின்றன. நம் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடமும் பயிற்சியும் தந்து உதவிய நாடும் இதே சுவீடன்தான். உதவி வந்தது, அவர்கள் மண்ணில் கிடைத்த பாடத்தை மட்டும் எவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ்ப் பாடசாலையில் சிங்களம் ஒழுங்காகப் படிப்பிக்கப்படுவதில்லை என்ற குற்றச்சாட்டு முற்றிலும் நியாயம். வாரத்தில் சில பாடவேளை, அதிலும் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு முடிகிறது. பெற்றோரைச் சிங்களப் பாடசாலை வாசலுக்குத் தள்ளுவதில் இதற்கும் பெரிய பங்குண்டு. சிங்களத்தைப் பேசிப் பேசியே படிப்பிக்கும் ஆசிரியர்கள் அங்கே வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் சிங்களப் பாடசாலைகளில் தரம் ஒன்று முதல் மூன்று வரையாவது தமிழ் தெரிந்த ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும். தமிழ் அங்கே முதல் மொழிப் பாடமாகவும் இருக்க வேண்டும். ஆள் இல்லை என்ற பதிலை ஏற்க முடியாது. ஆசிரியர்களைப் பயிற்றப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. உயர்தரம் முடித்து இரண்டு மொழியும் பேசிக்கொண்டு கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். பதின்மூன்றாவது திருத்தத்தின் கீழ் மாகாணப் பாடசாலைகளின் நிர்வாகம் ஊவா மாகாண சபையின் கையில் இருக்கிறது. எந்தச் சிங்களப் பாடசாலையில், எந்தத் தரத்தில், எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று மாகாணக் கல்வித் திணைக்களம் பாடசாலை வாரியாகக் கணக்கெடுத்து, அதை வைத்து முதல் நியமனங்களைப் பசறை, லுணுகலைப் பகுதிகளிலிருந்தே தொடங்கலாம்.