பெயர் ஒன்று, திறன் வேறு

மடிக்கணினி விளம்பரங்களில் "ஆர்.டி.எக்ஸ். 4060, 8 ஜிகாபைட்" என்றொரு வரி காணப்படும். வரைகலை அட்டையின் திறனை அறிய இவ்வரி போதுமா? போதாது.

2023-இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட இந்த அட்டையில் கணக்கிடும் உறுப்புகள் 3,072. அதற்கு அளிக்கப்படும் மின்திறனோ 35 வாட் முதல் 115 வாட் வரை வேறுபடும். அதற்கேற்ப உச்ச அதிர்வெண்ணும் 1,470 முதல் 2,370 மெகாஹெர்ட்ஸ் வரை மாறும். மெல்லிய கணினியில் வெப்பத்தை வெளியேற்றுவது கடினம். ஆகவே தயாரிப்பாளர் வாட்டைக் குறைக்கிறார். குறைப்பது குற்றமன்று, சொல்லாமல் விடுவதே குற்றம்.

பெயரும் ஏமாற்றக்கூடும். 4090 என்பது மேசைக் கணினியில் 16,384 உறுப்புகளையும், மடிக்கணினியில் 9,728 உறுப்புகளையும் கொண்ட அட்டை!

8 ஜிகாபைட் என்பதோ நினைவகத்தின் கொள்ளளவு மட்டுமே. தொட்டி பெரிதென்பதால் குழாயில் நீர் விரைந்து வந்துவிடாது. 4060-இன் நினைவகப் பாதை 128 பிட் அகலம்; ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 16 ஜிகாபிட். பெருக்கி 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 256 ஜிகாபைட். வேகத்தைக் காட்டும் எண் இதுவே.

ஆதலின் மாணவர்களே, வாங்குமுன் "எத்தனை வாட்?" என்று கேளுங்கள். அதைக் கூறாத பட்டியல், அலகு எழுதாத விடையைப் போன்றது. முழு மதிப்பெண் தருவதற்கில்லை.